திருப்பிக் கொடுக்காத நாள்

கரைச்சித்துறையில் ஜூலை பத்தொன்பதாம் தேதி நூற்று முப்பத்தொரு முறை விடிந்தது. வெளியூர்க்காரரிடம் சொன்னால் சிரிப்பார்கள். கரைச்சித்துறைக்காரர் சிரிக்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்களில் ஒருவருக்கு வழக்குத் தவணை வரவேயில்லை, ஒருத்திக்குக் கலியாண நாள் வரவேயில்லை, ஓய்வு பெற இரண்டே நாள் இருந்த ஒரு மனிதர் மேலும் நாலு மாதம் கோப்புக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் பிரதேச செயலகத்தின் களஞ்சியப் பொறுப்பாளர் தவராசா. நடந்ததெல்லாம் அவருடைய கையெழுத்தின் ஒழுங்கினால்தான் நடந்தது.

ஊரில், தேவாலயத்துக்குப் பின்னால், உப்பளத்தைப் பார்த்தபடி இருபத்தாறு வீடுகள் உண்டு. அங்கே இருப்பவர்களின் பாட்டன் பூட்டனை ஆபிரிக்காவிலிருந்து போர்த்துக்கீசன் பிடித்துக்கொண்டு வந்தான், ஒல்லாந்தன் கோட்டைக்குக் கல் சுமக்க வைத்தான், வெள்ளைக்காரன் துவக்கைக் கொடுத்துக் காவல் நிற்க வைத்தான், மூன்று பேரும் போகும்போது பீரங்கியையும் மணியையும் கதிரை மேசையையும் எண்ணி எண்ணிக் கப்பலில் ஏற்றினார்கள், இவர்களை மட்டும் எண்ணவில்லை. ஊர் அவர்களைக் காப்பிரி என்றது. பிள்ளை சுருட்டை முடியோடு பிறந்தால் காப்பிரி முடி என்று தேங்காயெண்ணெய் வைத்து இழுத்து இழுத்துச் சீவிய ஊர், சோறு உண்ணாத பிள்ளையைக் காப்பிரியிட்டப் பிடிச்சுக் குடுப்பன் என்று வெருட்டிய ஊர். வருடத்தில் ஒரு பின்னேரம் மட்டும் அதே ஊர் அவர்களை ஆபிரிக்க வம்சாவளி உறவுகள் என்று ஒலிபெருக்கியில் அழைத்தது.

பல்லினப் பண்பாட்டு வாரத்தில் அவர்களுக்குக் கிடைத்த பின்னேரம் அது. நாலு மணிக்கு மேடை, நாலேகாலுக்கு ஆட்டம், நாலரைக்குத் தேநீர். மேடையில் இரண்டு மொழியிலும் அறிவிப்புச் செய்தவன் நான். வெளிநாட்டில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவன், இரண்டு மொழியும் தெரிந்தவன் என்று அந்த வேலையைத் தந்தார்கள். ஐந்து வசனம் எழுதி வைத்திருந்தேன். இவர்கள் வீரம் மிக்கவர்கள், உடல் வலிமை மிக்கவர்கள், இசை இவர்கள் இரத்தத்தில் ஓடுகிறது, எப்போதும் சிரித்த முகத்தினர், எங்கள் பண்பாட்டுக்கு வண்ணம் சேர்ப்பவர்கள். ஆறு வருடம் அதே ஐந்தை வாசித்தேன். எழுத வெட்கமாயிருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

நான் இருந்த குளிர் நகரத்திலும் இப்படித்தான். அங்கே ஒரு நூலகத்தில் என்னோடு வேலை பார்த்த வினிஃப்ரெட் என்ற ஜமெய்க்கப் பெண்மணி, கறுப்பின வரலாற்று மாதமான ஒக்டோபர் வந்ததும் கறுப்பினத்தவரின் புத்தகங்களையும் படங்களையும் வாசலருகே அடுக்குவாள், நவம்பர் முதலாம் தேதி காலையில் அவளே அவற்றைத் தள்ளுவண்டியில் ஏற்றி நிலவறைக்குக் கொண்டுபோவாள், கதவைச் சாத்தும் முன் உள்ளே எட்டிப் பார்த்து, "போய் வருகிறேன் பிள்ளைகளே, பதினொரு மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருங்கள்" என்று சொல்லிச் சிரிப்பாள். அது சிரிப்பில்லை என்று விளங்க எனக்குக் கடல் கடந்து திரும்பி வரவேண்டியிருந்தது.

அனஸ்தாசியா அக்காவுக்கு அறுபத்தொரு வயது. உப்பளத்தில் உப்பு வாரியவர். ஆட்டக் குழுவுக்குத் தலைவி. ஒவ்வொரு வருடமும் ஆட்டம் முடிந்ததும் அவர் ஒரு மனுவைக் கொடுப்பார், பத்தொன்பது வருடமாக அதே மனு: உப்பள மதகில் என் தகப்பன் மிகுவேல் அந்தோனியின் பெயரைப் பொறிக்க வேண்டும்.

பழைய மதகு உடைந்து உப்பளம் முழுக்கச் சேறாகிப்போன வருடத்தில், படித்த பொறியியலாளர் இரண்டு பேர் கட்டிய இரண்டு மதகும் ஒரு மாரி தாங்காத பிறகு, மிகுவேல் என்ற உப்பளக் கூலி ஆறு மாதம் கடலையும் நிலவையும் காற்றையும் பார்த்துக்கொண்டிருந்து, கல்லாலும் பனங்குற்றியாலும் ஒரு மதகைக் கட்டினார். அதன் பக்கக் கல்லில் ஒன்பது வெட்டுகள் வெட்டினார். எந்த நிலவுக்கு, எந்தக் காற்றுக்கு எத்தனையாம் வெட்டுவரை கதவைத் தூக்க வேண்டும் என்பது அந்த வெட்டுகளில் இருந்தது. ஐம்பத்தெட்டு வருடமாக உப்பளம் ஒருமுறையும் மூழ்கவில்லை. திறப்பு விழாப் படம் இன்னும் செயலகச் சுவரில் தொங்குகிறது. நடுவில் நாடா வெட்டுகிற உதவி அரசாங்க அதிபர், கல்வெட்டில் அவர் பெயர். ஓரத்தில், கழுத்தில் டோலக்கோடு மிகுவேல். கட்டியவனின் கையில் மேளத்தைக் கொடுத்து, அதிபர் வரும்போது அடி என்று சொல்லியிருக்கிறார்கள். அடித்திருக்கிறார். படத்தில் அவர் முகத்தை ஒருதரம் பார்த்தவர் பிறகு அந்தச் சுவர்ப்பக்கம் பார்க்க மாட்டார்.

நாள் நின்றுபோன அந்த வருடம் பிரதேச செயலாளராயிருந்த பாலேந்திரா அக்காவின் மனுவை வாங்கினார், அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்தார், பிறகு ஒலிவாங்கியைப் பிடித்து, "வருசத்தில இந்த ஒரு நாள் முழுக்க முழுக்க உங்களுடையது" என்றார். நான் மொழிபெயர்த்தேன். கைதட்டினார்கள்.

இனித் தவராசாவின் ஒழுங்கு. ஆட்டத்துக்கு வேண்டியதெல்லாம் செயலகத்தின் பொருள், காலையில் பதிவேட்டில் எழுதிக் கொடுத்து மாலையில் எழுதி வாங்குவார்கள். சிறுத்தைப் புள்ளி அச்சடித்த பாவாடை எட்டு - அந்த இருபத்தாறு வீட்டில் எவரும் எந்தக் காலத்திலும் உடுத்தாத உடுப்பு, எவரோ ஒரு அலுவலர் ஆபிரிக்கா என்றால் சிறுத்தை என்று நினைத்து வாங்கியது - டோலக் இரண்டு, சிரட்டை பன்னிரண்டு சோடி, சுழற்கேடயம் ஒன்று. அந்த வருடம் புதிதாக ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது, செயலகம் வழங்கும் அனைத்தையும் விடுபாடின்றிப் பதிய வேண்டும் என்று. முப்பத்தாறு வருடத்தில் ஒரு சுற்றறிக்கையையும் மீறாத தவராசா அழைப்பிதழை எடுத்து வாசித்தார். 'இந்நாள் தங்கள் சமூகத்தவர்க்கு வழங்கப்படுகிறது' என்று இருந்தது. கேடயத்துக்குக் கீழே எழுதினார்: நாள் - ஒன்று. அனஸ்தாசியா அக்கா பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வைத்தார்.

மாலையில் பாவாடையைத் திருப்பிக் கொடுத்தார், கையெழுத்து. டோலக், கையெழுத்து. சிரட்டை, கையெழுத்து. கேடயம், கையெழுத்து.

"இன்னும் ஒண்டு இருக்கு அக்கா," என்று தவராசா பேனையால் தட்டிக் காட்டினார்.

அக்கா குனிந்து வாசித்தார். அப்போது, செயலாளரின் மேசையில் கோப்பையின் ஈர வட்டத்தோடு அந்த மனு கிடப்பது அவர் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது.

"பாவாடை உங்கட, எடுத்தாச்சு. மேளம் உங்கட. எங்கட வீட்டுத் தேங்காயில செய்த சிரட்டையும் உங்கட எண்டு எழுதி வச்சிருக்கிறியள், அதையும் எடுத்தாச்சு," என்றார். "நாள் எங்கட எண்டு மைக்கில சொன்னது ஆர்? நான் தரமாட்டன்."

பதிவேட்டில் அவர் கையெழுத்து விழவேண்டிய பெட்டி வெறுமையாகக் கிடந்தது. அடுத்த நாள் காலை ஜூலை பத்தொன்பது.

முதல் நாள் எவருக்கும் தெரியவில்லை. கலண்டர்த் தாளைக் கிழித்தவர்கள் கீழேயும் பத்தொன்பதைக் கண்டு அச்சுப் பிழை என்றார்கள். கொழும்பிலிருந்து வந்த பத்திரிகை ஊர் எல்லைப் பாலத்தைத் தாண்டியதும் தேதி மட்டும் மாறி ஜூலை பத்தொன்பது என்று நின்றது, செய்தி என்னவோ புதிதாகவே இருந்தது. கைத்தொலைபேசிகளும் அப்படியே. நிலவு வளர்ந்தது, தேய்ந்தது, உப்பு விளைந்தது, பிள்ளைகள் உயர்ந்தார்கள், தேதி மட்டும் அசையவில்லை. ஒரு கிழமையில் ஊர் பழகிக்கொண்டது. முதலாம் பத்தொன்பது, ஆறாம் பத்தொன்பது, இருபத்தோராம் பத்தொன்பது என்று சொல்லிக்கொண்டார்கள். சோதிடர், ஒரே நாளில் எல்லா நட்சத்திரமும் வருவதால் இனி எந்நேரமும் நல்ல நேரம் என்று சொல்லிவிட்டுக் கடையைப் பூட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனார். செயலாளர் கொழும்புக்கு எழுதினார். 'தங்கள் ஜூலை 19 கடிதம் கிடைத்தது. எந்த ஜூலை 19 என்பதைக் குறிப்பிடவும்' என்று பதில் வந்தது.

பிறகு மாகாணத்திலிருந்து ஒரு கணக்காய்வாளர் வந்தார். பதிவேட்டைப் பார்த்தார், கலண்டரைப் பார்த்தார், அங்கீகரிக்கப்பட்ட நிகழ்ச்சி அந்தத் தேதியில் நடந்தே ஆகவேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார். ஆகவே ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு மேடை.

"ஆட வாங்கோ அக்கா," என்று கேட்டுவர என்னை அனுப்பினார்கள்.

"தம்பி, எங்கட நாளில நாங்கள் ஏன் ஆடுவான்?" என்றார் அனஸ்தாசியா அக்கா, மீன் வெட்டியபடி. "தீபாவளிக்கு நாங்கள் வந்து உங்களுக்கு ஆடிக் காட்டுறமோ? நாங்கள் முன்வரிசையில இருந்து பாப்பம். நீங்கள் ஆடுங்கோ. பாவாடையும் உங்கட்டத்தானே கிடக்கு."

நிகழ்ச்சிநிரலில் ஆட்டம் என்று இருந்தது. நிகழ்ச்சிநிரலை மாற்ற மாகாணத்தின் அனுமதி வேண்டும். அப்படியாகத்தான் பாலேந்திரா காற்சட்டைக்கு மேலே சிறுத்தைப் புள்ளிப் பாவாடையைக் கட்டிக்கொண்டு ஆடினார், தவராசா டோலக் அடித்தார், நான் சிரட்டை தட்டினேன். முன்வரிசையில் இருபத்தாறு வீடும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்போம்.

"வடிவா ஆடுறார்," என்றார் அனஸ்தாசியா அக்கா, ஊருக்கே கேட்கும்படி. "இவைக்கு இது இரத்தத்தில இருக்கு."

என் ஐந்து வசனமும் மூன்று நாள்தான் தாங்கின. நாலாம் நாள் மேடையில், இசை இவர்கள் இரத்தத்தில் ஓடுகிறது என்று தொடங்கியபோது பின்னாலிருந்து மாணிக்கம் என்ற உப்பளக்காரன் கத்தினான்: "நாலு நாளா அதே இரத்தம்! வேற ஒண்டும் இல்லையோ அந்த இரத்தத்தில?"

ஜெர்த்ரூட் மிஸ் எழுந்தார். அந்த இருபத்தாறு வீட்டில் ஒன்றிலிருந்து முப்பது வருடமாகச் சைக்கிளில் போய் ஊருக்குப் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவிச்சி. "இரத்தத்தில இருக்கிறதை நான் சொல்லுறன்," என்றார். "மாணிக்கம், நீ பிறக்கேக்க உன்ர அம்மாவுக்கு இரத்தம் நிக்கேல்லை. வெள்ளத்தில வாகனம் வரேல்லை. என்ர கையிலயிருந்துதான் ஒரு போத்தல் ஏத்தினது. அதில இசை ஓடினதா எண்டு அவவிட்டக் கேள்."

மாணிக்கம் குந்திவிட்டான். அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் அந்தக் கையில் பிறந்தவர்கள், அது எல்லோருக்கும் தெரியும், ஆனால் எந்த மேடையிலும் அது சொல்லப்படவில்லை, எனக்கும் அதை எழுதத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு பழைய வசனத்தோடு மேடையேறியவரை ஊர் கூவி இறக்கியது. புதிதாக ஒன்று சொல், இல்லாவிட்டால் இறங்கு. தெரியாததால் கேட்கவேண்டி வந்தது, கேட்டதால் வெட்கப்படவேண்டி வந்தது, வெட்கத்தோடு ஊர் நாளுக்கு நாள் நாலு மணிக்கு வந்து குந்தியது. உள்ளூர்ச் சங்கதி தீர்ந்தபோது பிள்ளைகள் வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். அடிமைகளாயிருந்தவர்கள் எழும்பி மூன்று ராச்சியத்தின் படைகளைத் தோற்கடித்துத் தமக்கென்று நாடு செய்த தீவைப் பற்றி ஒரு சிறுமி சொன்னாள். விண்கலம் போகவேண்டிய வழியைப் பென்சிலால் கணக்குப் போட்ட கறுப்புப் பெண்ணைப் பற்றிக் கணித வாத்தியார் இரண்டு நாள் கதைத்தார், மூன்றாம் நாளும் கேட்டார்கள். அம்மை நோய் வராமல் தோலைக் கீறிக் காப்பு வைக்கும் வித்தையைத் தன் எசமானுக்கு ஓர் அடிமைதான் சொல்லிக்கொடுத்தான் என்று மருந்தாளர் சொன்னபோது, "எசமான் காசு குடுத்தானோ?" என்று ஒரு கிழவி கேட்டாள், "பேராவது எழுதினானோ?" என்றார் அனஸ்தாசியா அக்கா. ஒரு மத்தியானம் சோறு உண்ணாத தன் மகனை ஒரு தாய் பழைய பழக்கத்தில் காப்பிரியிட்டக் குடுப்பன் என்று வெருட்ட, "எந்தக் காப்பிரி, கணக்குப் போட்டவவோ?" என்று அவன் கேட்டானாம். அந்தத் தாய் மாலையில் வந்து ஜெர்த்ரூட் மிஸ்ஸிடம் மன்னிப்புக் கேட்டாள். "எனக்கு இப்ப எரிச்சல்தான் வருது பிள்ளை," என்றார் மிஸ். "முப்பது வருசம் உங்கட வீட்டு வாசலில செருப்பைக் கழட்டிப்போட்டு வெளியில நிண்டு தண்ணி குடிச்சனான்."

இத்தனைக்கும் மதகில் பெயர் ஏறவில்லை. கல்வெட்டு அரசாங்கச் சொத்து, கை வைக்கேலாது என்றார் செயலாளர். நூறு மேடையில் மிகுவேலைப் புகழ்ந்தார்கள், அவர் பெயரில் கட்டுரைப் போட்டி வைத்தார்கள், கல்லில் மட்டும் எழுத மாட்டார்கள். புகழ்வது எளிது. புகழ்ச்சி மாலையில் கலைந்து வீட்டுக்குப் போய்விடும்.

நூற்றிருபத்து நாலாம் பத்தொன்பதில் மாரி இறங்கியது. தரைப்பக்கம் வெள்ளம், கடல்பக்கம் முழுநிலவுப் பறுவத்துப் பெருக்கு, நடுவில் வருடம் முழுவதும் வாரிக் குவித்த உப்பு. மதகு இயக்குபவர் தேதியைப் பார்த்துக் கதவைத் தூக்குபவர், அவர் கையில் திணைக்களம் அச்சடித்த வற்றுப்பெருக்கு அட்டவணை. ஜூலை பத்தொன்பதுக்கு எதிரே மூன்று என்று இருந்தது. நூற்றிருபத்து நாலு நாளும் அவர் மூன்றுவரைதான் தூக்கினார். கோடையில் அதனால் கெடுதி வரவில்லை. இப்போது தண்ணீர் உப்புக் குவியலின் காலை நக்கியது.

பாலேந்திரா குடையில்லாமல் ஓடிவந்தார். "அக்கா, எத்தினையாம் வெட்டு?"

அனஸ்தாசியா அக்கா மழைக்குள் நின்றார். "ஆரிட்டக் கேக்கிறியள் ஐயா?"

"உங்களிட்டத்தான்."

"கல்லிட்டக் கேளுங்கோ. அதில நாடா வெட்டினவற்ற பேர் இருக்கு. அந்த மனிசனைக் கூப்பிட்டுக் கேளுங்கோ."

அவருக்குப் பின்னால் உப்பளக்காரர் நின்றார்கள், மாணிக்கமும் நின்றான். அவர்களுடைய உப்பு அது, அவருடையதும்தான். அக்கா அவர்களைப் பார்த்தார். பிறகு செயலாளரின் சட்டைக் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் இறக்கினார். இடுப்பளவு நீரில் அவருடைய விரலைப் பக்கக் கல்லில் வைத்து, ஒவ்வொரு வெட்டாகத் தடவ வைத்தார். "இது வளர்பிறை. இது வாடைக்காற்று. இது கச்சான் காற்று. இந்த ஏழாவது பறுவமும் வெள்ளமும் சேர்ந்து வந்தால், கடல் வத்திற நேரம் மட்டும். தொட்டுப் பாருங்கோ. என்ர அப்பு வெட்டேக்க ரெண்டு நகம் போனது." பாலேந்திரா தொட்டார். கதவை ஏழுக்குத் தூக்கினார்கள். கடல் ஏறும்போது இறக்கினார்கள். நாலு நாள் அப்படி ஏற்றி இறக்கி, உப்பு தப்பியது.

மறுநாள் செயலாளர் ஒரு பெயர்ப்பலகையோடு வந்தார். மரப்பலகை, அழகான எழுத்தில் மிகுவேலின் பெயர், மேலே இரண்டு கொளுக்கி. அக்கா அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் 'பல்லினப் பண்பாட்டு வாரம் - நல்வரவு' என்று இருந்தது.

"கொழுவிறது கழட்டத்தானே," என்று சொல்லிப் பலகையை மதகுக்குள் போட்டார். அது கடலுக்குப் போயிற்று.

அன்றே மாணிக்கம் உளியும் சுத்தியலும் எடுத்து வந்தான், உப்பளக்காரர் அவனைச் சுற்றி நின்றார்கள். பாலேந்திரா வாயைத் திறந்தார். பிறகு தன் விரல்நுனியைப் பார்த்தார், மூடிக்கொண்டார். இரண்டு நாளில், ஒன்பது வெட்டுக்கும் மேலே, விரலிடை ஆழத்தில்: கட்டியது மிகுவேல் அந்தோனி.

தவராசா பதிவேட்டைச் சீலையில் சுற்றி மதகடிக்கே கொண்டுவந்தார். அது நூற்று முப்பத்தோராம் பத்தொன்பது. அனஸ்தாசியா அக்கா ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்ததாகக் கையெழுத்து வைத்தார். ஊர் மூச்சு விட்டது. ஆனால் தவராசா எழும்பவில்லை. திருப்பி வாங்கும் பொருள் எதுவானாலும் அதன் நிலையை எழுதவேண்டும், அதற்கு ஒரு பெட்டி உண்டு. பாவாடைகளுக்கு 'நல்ல நிலை' என்று எழுதியிருந்தார். இதற்கு வெகுநேரம் யோசித்தார். பொய் எழுதிப் பழக்கமில்லாத மனிதர். கடைசியில் எழுதினார்: முற்றாகப் பாவிக்கப்பட்டது. மீள வழங்க முடியாது.

அடுத்த நாள் நவம்பர் இருபத்தேழாகவே விடிந்தது. தவராசா ஓய்வு பெறப் போனார். ஜூலையிலேயே ஓய்வு பெற்றதாகக் கோப்புச் சொன்னது. அவர் மட்டும் அதை ஒப்புக்கொள்ளாமல் அடுத்த ஜூலைவரை வந்துகொண்டிருந்தார்.

அந்த அடுத்த ஜூலையில் கரைச்சித்துறையின் எல்லாக் கலண்டரிலும் பதினெட்டுக்குக் கீழே இருபது இருந்தது. பதினெட்டாம் தேதி பாலேந்திரா அனஸ்தாசியா அக்காவை அழைத்தார், நானும் கூட இருந்தேன், மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை.

"அக்கா, குறை நினைக்கப்படாது. இந்த முறை உங்கட சமூகத்துக்குத் தர எங்களிட்ட நாள் இல்லை. அந்த நாள் முடிஞ்சு போச்சு."

"ஓம் ஐயா, தெரியும்," என்றார் அக்கா. கதிரையை இழுத்து, செயலாளருக்கு நேரெதிரே இருந்தார். "அப்ப மிச்சத்தை எடுங்கோ."

"என்ன மிச்சம்?"

"தவராசாண்ணை, பதிவேட்டைக் கொண்டு வாங்கோ. மிச்சம் முந்நூற்று அறுபத்து நாலு இருக்கு. ஒவ்வொண்டா எழுதுங்கோ, கையெழுத்து வைக்கிறன். எனக்கு அவசரம் இல்லை."

தவராசா செயலாளரின் முகத்தைப் பார்க்கவில்லை. புதுப் பக்கம் புரட்டி, கோடு போட்டு, பேனையின் மூடியைக் கழற்றினார்.